மாதாவின் மேலாடையில் ஒரு லேபிள்

ராஜபாய் அக்கா கோயிலுக்கு வருவது ஜெபிக்க மட்டும்தான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். முன்பெஞ்சில் இருப்பவர்களின் பின்கழுத்தைப் பார்ப்பதற்கும் வருவாள். யாருடைய சுடிதார் கழுத்திலாவது லேபிள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போதும், பிரசங்கம் எந்த அதிகாரத்தில் நின்றாலும் சரி, அவள் கை நீளும். சம்பந்தப்பட்டவள் திடுக்கிட்டுத் திரும்பினால், பேன் எடுத்துவிட்ட தாயைப்போலத் தலையை ஆட்டி முன்னால் பார்க்கச் சொல்வாள். ஒருமுறை ஞானஸ்நானம் கொடுக்க நின்ற போதகரின் அங்கிக்குப் பின்னாலேயே ஒரு லேபிள் எட்டிப் பார்த்தது. பிள்ளைக்குப் பெரியம்மா முறையில் பக்கத்தில் நின்ற அக்கா, தண்ணீர் தெளிக்கிற நேரம் பார்த்து அதை உள்ளே தள்ளிவிட்டாள். போதகருக்குக் கூச்சம் வந்து துள்ளிவிட்டார். அந்தப் பிள்ளைக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாகவே ஞானஸ்நானம் கிடைத்தது.

புதுக்கடை ஜங்ஷனில் ஒரு பெயின்ட் கடைக்கு மேல்மாடியில் யோவான் முதலாளி நைட்டி யூனிட் நடத்துகிறார். மகன் பெயரில் ஜெனித் நைட்டீஸ். அங்கே அக்காவுக்கு லேபிள் வைத்துத் தைக்கும் வேலை. எனக்குச் செக்கிங் மேசை. அதாவது அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதற்கு எனக்கு மாதச் சம்பளம். எங்கள் சபையில் இதே வேலையைச் சம்பளமே வாங்காமல் பார்க்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

போட்டிருக்கிற துணியை இடப்பக்கம் உள்ளே திருப்பிப் பாருங்கள். இடுப்புக்குக் கீழே ஒரு வெள்ளை நாடா தொங்கும். அதில் தண்ணீர்த் தொட்டி, முக்கோணம், இஸ்திரிப்பெட்டி என்று சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். அது அங்கே தானாக முளைத்தது என்று நினைப்பவர்கள்தான் முக்கால்வாசி. மீதிப்பேர் பிளேடால் அறுத்துப் போடுகிறவர்கள். நாடா எங்களிடம் ரோலாக வரும். அதைச் சூடான கத்தியால் வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் போட்டால் ஓரம் பிசிறடித்து, நைட்டி போட்டவளின் இடுப்பை ராத்திரி முழுக்கப் பிறாண்டும். வெட்டியதை எழுத்து வெளியே தெரிகிறமாதிரி இரண்டாக மடிக்க வேண்டும். நைட்டியின் முன்துண்டும் பின்துண்டும் நல்ல பக்கம் உள்ளே பார்க்க ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் லேபிளை அந்த இரண்டுக்கும் நடுவில் செருகிவிடுவார்கள். தைத்துத் திருப்பினால் அது நைட்டிக்கு வெளியே வந்து நின்று ஆடும். நடுவில் வைக்கக்கூடாது, மேலே, கெட்ட பக்கத்தில் வைக்க வேண்டும். லேபிளின் முனைகளும் துணிகளின் ஓரங்களும் ஒரே கோட்டில் சேர்ந்து ஓவர்லாக் ஊசிக்குக் கீழே போக வேண்டும். கொஞ்சம் உள்ளே போனால் தையல் எழுத்தைத் தின்றுவிடும். கொஞ்சம் வெளியே நின்றால் முதல் துவைப்பிலேயே கழன்றுவிடும்.

அக்காவுக்கு இதில் பிசகுவது அபூர்வம். ஆனால் அவளுக்குத் திறமையைவிடக் கோபம்தான் அதிகம். இத்தனை பாடுபட்டு வைக்கிறோம், ஒருத்தியாவது அதை வாசிக்கிறாளா என்பது அவளுடைய நித்திய வழக்கு. சாயம் போன நைட்டியோடு யாராவது தெருவில் போனால் நிறுத்திக் கேட்டுவிடுவாள், வெயிலில் போட்டியா, நிழலில் போட்டியா என்று. கணவன் மனைவி சண்டை, பிள்ளைகள் கெட்டுப்போவது, ரப்பர் விலை இறங்குவது எல்லாவற்றுக்கும் காரணம், மனுஷர் லேபிளை வாசிக்காததுதான் என்று அவள் நம்பினாள். அவள் வீட்டுக்காரர் ராஜையன் அண்ணன் அருமனைப் பக்கம் போய் ரப்பர் ஷீட் எடுத்து விற்கிறவர். ரப்பர் விலைக்கும் லேபிளுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டதற்கு, உங்கள் சட்டை லேபிளை வாசித்திருக்கிறீர்களா என்று அக்கா திருப்பிக் கேட்டாளாம். பதில் தெரியாதபோது கேள்வி கேட்பது அவளுக்குக் கைவந்த கலை.

அக்காவுக்கு எதிர் மெஷினில் இசபெல். இனயத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், நைட்டிக்கு ஜிப்பு வைக்கிறவள். அவள் மாதாவைக் கும்பிடுகிறவள், நாங்கள் வேதத்தை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள். மெஷின் சத்தத்தில் கத்திப் பேசியே பழகியதால் இந்த இரண்டு பேரும் மதத்தையும் கத்தித்தான் பேசுவார்கள். மெழுகுவர்த்தி வாங்கும் காசுக்கு ஒரு கிலோ சாளை மீன் வாங்கலாமே என்பாள் அக்கா. உங்கள் கடவுளுக்குக் காது மந்தமா, போதகர் ஏன் மைக் வைத்துக் கத்துகிறார் என்பாள் இசபெல். மத்தியானம் ஆனால் இசபெல் கொண்டுவரும் மீன்குழம்பில் அக்கா கையை விடுவாள். அந்தக் குழம்பில் எந்த உபதேச வித்தியாசமும் அவளுக்குத் தெரிந்ததில்லை.

அக்காவின் மகன் ஷிஜின் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். இசபெல்லின் தம்பி ரெஜினும் அவனும் ஒரே அறை. போன வருஷம் ஷிஜினுக்குக் காய்ச்சல் வந்து மூளைக்கு ஏறிவிட்டது. நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தான். ரெஜின்தான் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தவன், வேலைக்குப் போகாமல் வராந்தாவில் கிடந்து தகவல் சொன்னவன். அந்த நாட்களில் அக்கா வேலைக்கு வராமலிருக்கவில்லை. வீட்டில் இருந்தால் போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இங்கே பார்க்க வேறு ஏதாவது இருக்கும் என்றாள். வந்தாளே தவிர மனது வேலையில் இல்லை. லேபிளைத் தலைகீழாக வைத்தாள். முக்கோணம் மல்லாந்து கிடந்தது, இஸ்திரிப்பெட்டி அந்தரத்தில் தொங்கியது. நான் எல்லாவற்றையும் பாஸ் போட்டு விட்டேன். எங்கள் சரக்கு போகிற கேரளத்தில் எத்தனையோ பெண்கள் இன்றைக்கும் அந்த நைட்டிகளில்தான் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தியும் புகார் சொல்லவில்லை. அக்கா சொன்னது சரிதான், ஒருவரும் வாசிப்பதில்லை.

சபையில் சங்கிலி ஜெபம் வைத்தோம். ஆள் மாற்றி ஆள், விடாமல். ராஜையன் அண்ணன் முன்னால் முழங்காலில் நின்றார். ஷிஜின் கண் விழித்தான், அம்மாவைக் கேட்டான், கஞ்சி குடித்தான். ஸ்தோத்திர ஆராதனையில் அண்ணன் மைக்கைப் பிடித்து அழுதுகொண்டே சாட்சி சொன்னார். சபையின் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்றார். பாவம் அந்த மஸ்கட் டாக்டர், அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மத்தியானம், சாப்பாட்டுப் பாத்திரம் திறக்கும்போது இசபெல் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அக்கா, நீங்க கோவிக்கப்பிடாது. ஷிஜினுக்காவ எங்க குருசடி மாதாவுக்கு ஒரு மேலாடை நேந்துட்டேன். உங்க ஆளுவ நேர்ச்சை நேரமாட்டாவல்லா. அதான் உங்களுக்குப் பதிலா நான் நேந்தேன்."

குருசடி என்பது கடற்கரையில் சிலுவை வைத்துக் கட்டிய சின்னக் கோயில். இசபெல்லின் அம்மா வீட்டுப் பக்கத்தில் இருக்கிற அந்தக் குருசடியில் ஒரு மாதா சொரூபம் உண்டு. அதற்குத் திருநாளில் மேலாடை போர்த்துவார்கள். அக்கா இப்போது வெடிப்பாள் என்று நான் தண்ணீர்க் குப்பியைத் தள்ளி வைத்தேன். அவள் இசபெல்லின் மீன்குழம்பை எடுத்துத் தன் சோற்றில் ஊற்றிக்கொண்டாள். பிறகு, துணி வாங்கியாயிற்றா என்று கேட்டாள். நீல வெல்வெட்டும் உள்ளே வைக்க வெள்ளைச் சாட்டினும் வாங்கி வைத்திருக்கிறேன், நானே தைக்கப் போகிறேன் என்றாள் இசபெல்.

"ஜிப்பு வைக்கிய கையோட நீ வளைவு தைச்சா மாதாவுக்குக் கூனு விழும். இஞ்ச கொண்டா" என்றாள் அக்கா.

இசபெல் அழுதுவிட்டாள். அக்கா அழவில்லை, எதற்கு அழுகிறாய், குழம்பில் உப்பு ஏற்கெனவே கூடுதல் என்று திட்டினாள். எனக்கு அவளைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. எங்கள் சபையில் சொரூபத்துக்குத் துணி தைப்பது சாராயக் கடையில் கணக்கு எழுதுவதைவிட மோசம்.

மத்தியான இடைவேளைகளில் மேலாடை வளர்ந்தது. யோவான் முதலாளி பெந்தெகொஸ்தேக்காரர், சொரூபம் என்றாலே ஆகாதவர். அவருக்குத் தெரிந்திருந்தால் மெஷினுக்கு எண்ணெய் பூசி ஜெபித்திருப்பார், மெஷின் எண்ணெய் இல்லை, பிசாசை விரட்டப் பூசுகிற எண்ணெய். அதனால் அவர் சாப்பிட வீட்டுக்குப் போகும் நேரத்தில்தான் வெல்வெட் வெளியே வரும். கடைசி நாள் இசபெல் பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னாள். குருசடியைப் பார்த்துக்கொள்கிற ஏசுஅடிமை அண்ணன் பழைய மேலாடையைத் திருநாள் முடிந்ததும் பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டுவிட்டாராம். வெளுத்துத் திட்டுத்திட்டாகி, அதைப் போர்த்தி நின்ற மாதாவைப் பார்க்கத் தேமல் வந்தவள் மாதிரி இருந்ததாம்.

அக்காவின் முகம் மாறியது. ஷிஜின் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதுகூட நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. கீழ் ஓரம் மட்டும் தைக்காமலிருந்த மேலாடையை மடியிலிருந்து கீழே வைத்தாள், லேபிள் ரோலை எடுத்தாள்.

இங்கேதான் சிக்கல் வந்தது. நைட்டிக்குப் பக்கத் தையல் உண்டு. மேலாடை பாதி வட்டம், அதற்கு இடப்பக்கமும் கிடையாது வலப்பக்கமும் கிடையாது. வெல்வெட்டும் சாட்டினும் முகத்தோடு முகம் வைத்துத் தைத்துத் திருப்புகிற துணி. கெட்ட பக்கத்தில் லேபிள் வைத்தால் அது இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு உலக முடிவு வரைக்கும் யார் கண்ணிலும் படாது. வேறு வழியில்லாமல், புதுப் பிள்ளைகள் செய்தால் அவர்கள் தலையில் அவள் குட்டுகிற அதே காரியத்தை அவளே செய்தாள். இரண்டு துணிக்கும் நடுவில் செருகினாள். திருப்பியபோது லேபிள் கீழ் ஓரத்தில் வெளியே நின்றது. அதைச் சாட்டின் பக்கமாக மடக்கிக் கையூசியால் ஒரு தையல் போட்டுப் படுக்கவைத்தாள். கையில் கிடைத்தது எக்ஸ்.எல். ரோல். குளிர்ந்த தண்ணீர், கைத்துவைப்பு, பிளீச் கூடாது, நிழலில் காயப்போடவும் என்ற படங்களுக்கு மேலே ஜெனித் நைட்டீஸ், புதுக்கடை, எக்ஸ்.எல். என்றும் இருந்தது. கம்பெனிப் பெயரையாவது வெட்டிவிடலாமே என்று நான் சொன்னேன். வெட்டினால் மடிக்க இடம் போதாது என்றாள். வேலை என்று வந்தபிறகு அவளுக்கு வேறு எந்தப் பயமும் கிடையாது.

திருநாள் வந்தது. எங்கள் சபைக்காரர்கள் மாதாவைக் கும்பிடமாட்டார்கள், ஆனால் மாதா திருநாளின் சிங்காரி மேளத்தையும் அல்வாக் கடையையும் பற்றி வேதத்தில் தடை எதுவும் இல்லை. அப்படி அல்வா தின்னப் போனவன் ஜெபிஷ். வாலிபர் சங்கத்துப் பையன், போனும் கையுமாக அலைகிறவன். சப்பரம் வரும்போது கடல்காற்று பலமாக அடித்திருக்கிறது. மேலாடையைப் போர்த்தி ஊசி குத்தும்போது ஏசுஅடிமை அண்ணன் எங்கேயோ இழுத்ததில், அக்கா போட்ட கைத்தையல் அறுந்திருக்க வேண்டும். காற்றில் ஓரம் தூக்க, வெள்ளை லேபிள் மாதாவின் காலடியில் படபடத்தது. ஜெபிஷ் படம் எடுத்தான், விரலால் பெரிசாக்கினான், வாசித்தான். வாழ்க்கையில் அவன் முழுசாக வாசித்த முதல் துணி லேபிள் அதுவாகத்தான் இருக்கும்.

படம் சபை வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. மாதாவுக்கு எக்ஸ்.எல். என்று எழுதியிருந்தான். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம்தான் ஒருவர் கேட்டார், புதுக்கடை ஜெனித் நைட்டீஸில் வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் நம் சபைப் பெண்கள் அல்லவா என்று. சிரிப்பு நின்றது. சொரூபத்துக்குத் துணி தைத்தது நம்மில் யார்?

இந்த இடத்தில் ராஜையன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனுஷர். சபைக் கமிட்டிக்குள் நுழைய வேண்டும் என்பது அவருடைய ஆயுள் ஆசை. தேர்தலில் நின்று தோற்றுத் தோற்று, தோற்ற பிறகு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பதில் பேரெடுத்தவர். இந்த முறை தேர்தல் நெருங்கிவிட்டது. கர்த்தரே தனக்கு ஒரு விஷயம் எடுத்துத் தந்ததாக அவர் நினைத்துவிட்டார். விக்கிரகம் கூடாது என்கிற இரண்டாம் கட்டளையைப் பற்றிக் குழுவில் நீளமாக எழுதினார். கமிட்டிக்கு மனுக் கொடுத்தார். தைத்தவர் சபைக்கு முன்னால் எழுந்து தவறை ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்கும்வரை அப்பமும் திராட்சை ரசமும் தருகிற திருவிருந்தில் பங்கு கிடையாது என்று தீர்மானம் நிறைவேறியது. அதை வாசிக்கிற பொறுப்பையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரியும் அங்கேதான் வேலை பார்க்கிறாள், யாராக இருந்தாலும் பாரபட்சம் கிடையாது என்று வேறு சொல்லியிருக்கிறார். தன் பெண்டாட்டியை அவர் சந்தேகப்படவே இல்லை. மெழுகுவர்த்தியைக் கண்டாலே நக்கலடிக்கிறவள் அல்லவா.

தீர்மானத்தின் வாசகத்தைச் சாப்பிடும்போது அக்காவிடம் வாசித்துக் காட்டி, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று கேட்டாராம். அக்கா இரண்டாவது தோசையைப் போட்டாளாம்.

 யூனிட்டில் எங்கள் ஆட்கள் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, அதை நான் பெருமையாகவே சொல்வேன். பேசாமலிருந்தால் விஷயம் அமுங்கிவிடும், மனுஷர் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. கல்யாணமான நாள் முதல் அவள் தவறவிட்டதில்லை. ஷிஜினைப் பெற்ற மாதம்கூட ஆஸ்பத்திரிக்கே போதகரை வரவழைத்து வாங்கியவள். அவளைக் கேலி செய்தால் சிரிப்பாள், போதகரைக் கேலி செய்தால் கூடச் சேர்ந்து கேலி செய்வாள், அந்தத் துண்டு அப்பத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது.

"ஒளிச்சி வச்சிட்டு வாயில வாங்கினா அது எறங்காதுட்டி" என்றாள். "மன்னிப்பு கேட்டா எறங்கும். ஆனா இசபெல் நேந்தது தப்புண்ணு ஆவும். எனக்க பிள்ளைக்கு வேண்டி ஒருத்தி முட்டுக்காலு குத்தி நிண்ணது தப்புண்ணு நான் எப்பிடி சொல்லுவேன்?"

அண்ணனிடமாவது முதலில் சொல்லிவிடு என்றேன். சொன்னால் மிண்டாமல், வாயைத் திறக்காமல் இரு என்று கெஞ்சுவார், அவர் கெஞ்சினால் நான் சொன்னபடி கேட்டுவிடுவேன், அதனால்தான் சொல்லவில்லை என்றாள். இசபெல் ஒரு யோசனையோடு வந்தாள். நான் உங்கள் சபைக்கு வந்து, நான்தான் தைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன் என்றாள். அந்த வளைவைப் பார்த்த ஒருவனும் அதை நம்பமாட்டான் என்று அக்கா அவளை விரட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்துவிட்டது. மன்னிப்புக் கேட்பதைப் பார்க்க வருகிற கூட்டம் கிறிஸ்துமஸுக்குக்கூட வராது. எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அன்றைக்கு அவள் யாருடைய கழுத்தையும் பார்க்கவில்லை. பிரசங்கம் முடிந்ததும் ராஜையன் அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையோடு மைக்குக்கு வந்து தீர்மானத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. வாசித்து முடித்துத் தலையை நிமிர்த்தினார். அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"நானாக்கும் தச்சது" என்றாள்.

அண்ணன் முதலில் சிரித்தார். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தார் போலிருக்கிறது. அவள் உட்காரவில்லை. சிரிப்பு அவர் முகத்தில் எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று, பிறகு போய்விட்டது. 

"ஷிஜின் போதமில்லாம கெடந்தப்ப நம்ம எல்லாரும் ஜெபிச்சோம்" என்றாள் அக்கா. "இசபெல்லும் ஜெபிச்சா, அவளுக்க மாதாகிட்ட. பிள்ளை எழும்பினான். யாரு கேட்டதுக்குக் குடுத்தாருண்ணு ஆண்டவரு எங்கிட்ட சொல்லேல்ல. நிங்கள்ல யாரிட்டயாவது சொன்னாரா? அவ நேந்தா, நான் தச்சுக் குடுத்தேன். இதுக்கு நான் மன்னிப்பு கேக்கமாட்டேன்."

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டால் என்ன செய்வதென்று தீர்மானத்தில் இருந்தது, கேட்காவிட்டால் என்ன செய்வதென்றும் இருந்தது, ஆனால் இப்படி ஒரு பேச்சு பேசினால் என்ன செய்வதென்று இல்லை. கமிட்டியில் மூத்தவர் ஒருவர் நல்ல மனதோடு எழுந்து சமரசம் பேசினார். தைத்ததற்குக் கேட்க வேண்டாம், அந்த லேபிள் வைத்ததற்காவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் முடித்துவிடலாம் என்றார். அவருக்குத் தெரியாது, அவர் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டார்.

"லேபிளு வைக்கவேண்டிய எடத்திலதான் வச்சிருக்கேன்" என்று சொல்லி அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். மகன் மயங்கிக் கிடந்த நாட்களில் லேபிளை வைத்தது போல, வேதப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். நான் அதை வாங்கி நேராக்கிக் கொடுத்தேன்.

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் தீர்மானம் தீர்மானம்தான். ராஜபாய் அம்மா இந்த மாதம் திருவிருந்துக்கு வராமல் இருக்கட்டும், பிறகு பேசிக்கொள்வோம் என்றார். ராஜையன் அண்ணன் காகிதத்தோடு மைக்குப் பக்கத்திலேயே நின்றார். உட்காருங்கள் என்று யாரோ சொன்ன பிறகுதான் போய் உட்கார்ந்தார்.

திருவிருந்து தொடங்கியது. வரிசை வரிசையாக முன்னால் போய் முழங்காலில் நிற்க வேண்டும், போதகர் அப்பத்தை உள்ளங்கையில் வைப்பார். முதலில் ஆண்கள். அவர்கள் முடிந்து பெண்கள் வரிசை எழும்பும். எங்கள் வரிசை எழும்பும்போது அக்காவை விட்டுவிட்டுப் போக வேண்டும். போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். அந்தத் தைரியம் எனக்கு இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ராஜையன் அண்ணன் ஆண்களின் கடைசி வரிசையில் போனார். முழங்காலிட்டார். கையை நீட்டினார். போதகர் அப்பத்தை வைத்தார். எல்லோரும் வாயில் போட்டுக்கொண்டு தலை குனிந்தார்கள். அண்ணன் கையை மூடிக்கொண்டார். திராட்சை ரசத்துக்குக் காத்திருக்காமல் எழுந்து, ஆண்கள் பக்கம் திரும்ப வேண்டியவர் பெண்கள் பக்கம் திரும்பினார். நடுப்பாதையைத் தாண்டி எங்கள் பெஞ்சுக்கு நேராக வந்தார். பாதிக் கோயில் எழுந்து பார்த்தது. போதகர் அப்பத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். தேர்தலில் அண்ணனுக்கு விழ இருந்த ஓட்டெல்லாம் அந்த நடுப்பாதையிலேயே போய்விட்டது, அதுவும் அவருக்குத் தெரிந்துதான் இருக்க வேண்டும்.

அக்காவுக்கு முன்னால் வந்து நின்று கையைத் திறந்தார். அந்தச் சின்னத் துண்டை நகத்தால் கிள்ளி இரண்டாக்கினார். சரிபாதியாக வரவில்லை. பெரியதை அவளிடம் நீட்டினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

"சொன்னா நிங்க விட்டிருப்பியளா?"

அண்ணன் யோசித்தார். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கையில் அப்பத்தை வைத்துக்கொண்டு, நிஜமாகவே யோசித்தார்.

"விட்டிருக்கமாட்டேன்" என்றார்.

அக்கா கையை நீட்டி வாங்கி வாயில் போட்டாள். கண்ணீர் அவள் தாடையில் இறங்கி நின்றது, அவள் துடைக்கவில்லை. அண்ணன் தன் பாதியைப் போட்டுக்கொண்டார். பிறகு அவர் ஆண்கள் பக்கம் திரும்பிப் போகவில்லை. என்னைக் கொஞ்சம் நகரச் சொல்லி, பெண்கள் பெஞ்சில், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.